இடது கையில் ஓடாத நாடி

இந்த வயதிலும், யாராவது ஒரு பெண்ணின் இடது கையை மட்டும் பிடித்து நாடி பார்ப்பதைக் கண்டால் எனக்குத் தலைக்கு ஏறிவிடும். கோயில் மண்டபத்தில் இலவச வைத்திய முகாம் நடக்கும். சொந்தக்காரர் வீட்டுக்கு நாட்டு வைத்தியர் வந்திருப்பார். எங்கே என்றாலும் சரி, "அந்தக் கையையும் பாருங்கய்யா" என்று கத்திவிடுவேன். கிழவனுக்குக் கிறுக்கு என்று பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். ஆணுக்கு வலது கை, பெண்ணுக்கு இடது கை என்று எந்தப் புண்ணியவான் எந்தக் காலத்தில் சொல்லி வைத்தானோ தெரியாது. அவன் மட்டும் கையில் கிடைத்தால் நான் அவனுக்கு நாடி பார்ப்பேன்.

இது மலாயாவில், காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்காரன் சண்டை போட்ட அவசரகாலத்தில் நடந்தது. கோல சிலாங்கூரிலிருந்து பத்தாங் பெர்ஜுந்தை போகும் பாதையில், உள்ளே தள்ளி இருந்த ஒரு ரப்பர் தோட்டம் எங்களுடையது. எங்களுடையது என்றால் அங்கே பிறந்தோம், அவ்வளவுதான். நானும் எனக்கு ஏழு வயது இளைய தங்கையும். ஜப்பான்காரன் காலத்தில் அப்பாவைச் சயாமுக்குத் தண்டவாளம் போடக் கூட்டிப் போனார்கள், அவர் திரும்பவில்லை. அம்மா அதற்குப் பிறகு ஒரு வருடம் இருந்தார். தங்கையைத் தோட்டத்தில் ரப்பர்த் தகடு உலர்த்தும் புகைக்கூடத்தில் வேலை செய்த ஒருவருக்குக் கட்டிக் கொடுத்துவிட்டு நான் தலைநகருக்கு ஓடிவிட்டேன். அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே பகுதியில் வேலை கிடைத்தது. பதவிக்கு ஆங்கிலத்தில் நீளமாக ஒரு பெயர் இருந்தது. செய்தது இருட்டறையில் படம் கழுவுவது.

மாதத்துக்கு ஒரு ஞாயிறு பஸ் பிடித்துத் தங்கையைப் பார்க்கப் போவேன். அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது. கையில் ஒரு பெண் குழந்தை. பட்டையைக் கீறிப் பால்மரம் வெட்டுவதில் அவளை மிஞ்ச அந்த டிவிஷனில் ஆள் இல்லை என்று கணக்கெழுதும் கிராணியே சொல்வார். அப்படிப்பட்டவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் முன்னால் உட்கார்ந்து தன் இடது கையைத் தூக்கிக் காட்டினாள்.

"தூக்குனா கை செத்துப் போகுதுண்ணே. எறக்குனா உசுரு வருது. இங்கருந்து புடிச்சு இழுக்குது." காரை எலும்பின் மேல் விரலை வைத்துக் காட்டினாள். "சாயங்காலம் ஆனா காய்ச்ச வேற."

"வேலை செஞ்சா கை வலிக்கத்தான் செய்யும்" என்றேன். அவள் தலையாட்டினாள், ஆனால் ஒத்துக்கொள்ளவில்லை. அவளுக்கு வேண்டியிருந்தது அந்த நேரத்தில் ஒன்றே ஒன்றுதான். இந்தக் கைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று யாராவது ஒருவர் நம்ப வேண்டும். நம்பினால் மருந்து கிடைக்கும். நம்பாவிட்டால் நாளைக் காலையும் அவள் அந்தக் கையைத் தூக்கித்தான் ஆக வேண்டும்.

ஏன் தூக்க வேண்டும் என்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. அப்போது நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். காட்டில் இருப்பவர்களுக்கு நாங்கள் சோறு கொடுத்துவிடுவோமாம். எங்களுக்கே அரிசி அளந்துதான். வேலைக்குப் போகிறவர்கள் ஒரு பிடி சோறோ ஒரு துண்டுக் கருவாடோ வேலிக்கு வெளியே எடுத்துப் போகக் கூடாது. வெறும் தண்ணீர் மட்டும் கொண்டு போகலாம். விடிந்ததும் வேலி வாசலில் ஆண்களை ஒரு பக்கமும் பெண்களை ஒரு பக்கமும் நிறுத்தி, இரண்டு கைகளையும் தூக்கச் சொல்லித் தடவிப் பார்ப்பார்கள். பெண்களைத் தடவ ஒரு மலாய்க்காரப் பெண் இருந்தாள். "அங்காட் தங்கான்!" என்று அவள் கத்தினால் கைகள் மேலே போக வேண்டும். அவள் முடிக்கும்வரை கீழே வரக் கூடாது.

என் தங்கையின் இடது கை கீழே வந்தது. ஒரு நாள் வந்தது, மறுநாளும் வந்தது. கையை இறக்குகிறவள் எதையோ மறைக்கிறாள் என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள் போல. அவளைத் தனியே நிறுத்தினார்கள். வாளியைக் கவிழ்த்துத் தட்டினார்கள். கொண்டையை அவிழ்க்கச் சொன்னார்கள், ஏதோ அதற்குள் அரை மூட்டை அரிசி இருக்கிற மாதிரி. பின்னால் நின்ற பெண்கள், இவளால் நமக்கும் தாமதம் என்று முணுமுணுத்தார்கள். தாமதமாகப் போனால் வேலையை மேய்க்கும் மண்டோர் அரைப் பேர்தான், அதாவது அரை நாள் கூலிதான் போடுவான். அந்த மண்டோர் வாயும் சும்மா இருக்கவில்லை.

"பொம்பளைக்கு வேல கசந்தா மொதல்ல கை வலிக்கும், அப்புறம் இடுப்பு வலிக்கும் லா. எனக்குத் தெரியாதா?"

உனக்கு எல்லாம் தெரியும். உனக்குத் தெரியாதது இந்த உலகத்தில் உண்டா?

தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசர், அதாவது கம்பவுண்டர்தான் எல்லாம். டாக்டர் என்று ஒருவர் மாதம் ஒருமுறை காரில் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். பாதையில் சுடுகிறார்கள் என்று கேள்விப்பட்டால் அந்த மாதம் அதுவும் இல்லை. டிரெசர் கெட்டவர் இல்லை. அறுபதை நெருங்கியவர். அவருடைய தாத்தா ஊரில் பெயர் பெற்ற வைத்தியராம், நாடி பிடித்தே என்ன சாப்பிட்டாய் என்று சொல்லிவிடுவாராம். அந்தப் பெருமை இவருக்கு மூக்குவரை இருந்தது. பெண்கள் வந்தால் இடது கையைத்தான் பிடிப்பார். பிறகு தோட்டத்து நிர்வாகம் அவருக்கு ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி ஒன்றை வாங்கிக் கொடுத்தது. அதன் பட்டையையும் பெண்களுக்கு இடது கையிலேயே சுற்றினார். புதுக் கருவிக்கும் பழைய சாஸ்திரம்.

அவரை மட்டும் சொல்லி என்ன? அவர் கேட்கும் முன்பே பெண்கள் இடது கையை நீட்டிவிடுவார்கள். யாராவது தெரியாமல் வலது கையை நீட்டினால், "என்னம்மா, ஆம்பளயா மாறிட்டியா?" என்பார். வரிசையில் நிற்கிற அத்தனை பேரும் சிரிப்பார்கள். அதற்குப் பிறகு எவள் வலது கையை நீட்டுவாள்?

என் தங்கையும் இடது கையைத்தான் நீட்டினாள். வலிக்கிற கை அதுதானே என்று அவளுக்கு அது இன்னும் பொருத்தமாகப் பட்டது. டிரெசர் நாடியைத் தேடித் தேடிப் பிடித்தார்.

"நூலாட்டம் ஓடுதும்மா. ஒன் ஒடம்புல ரத்தமே இல்ல." பிறகு பட்டையைச் சுற்றிப் பார்த்தார். பாதரசம் தொண்ணூறுக்குக் கீழே நின்றது. "பாரு, அழுத்தமும் இல்ல. நல்லா உப்புப் போட்டு கஞ்சி குடி. நான் டானிக் தர்றேன்."

உப்பும் அந்தக் காலத்தில் அளந்துதான். டிரெசர் நல்ல மனதோடு, இவளுக்குக் கூடுதலாக உப்புக் கொடுக்கலாம் என்று கடைக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். தோட்டத்தில் வேறு யாருக்கும் அந்தச் சலுகை இல்லை. என் தங்கையும் அவள் புருஷனும் அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தார்கள். அந்த உப்பை அவள் எட்டு மாதம் கஞ்சியில் கரைத்துக் குடித்தாள்.

சாயங்காலக் காய்ச்சல் விடவில்லை, உடம்பும் இளைத்துக்கொண்டே போனது. காசநோயாக இருக்குமோ என்று எனக்குப் பயம் வந்தது. வார்டில் அதைத்தான் தினமும் பார்க்கிறேன். அனுமதிச் சீட்டு வாங்கி, தோட்டத்து லோரியிலும் பஸ்ஸிலுமாக அவளைக் கூட்டிவந்தேன். வெளிநோயாளிப் பகுதியில் கூட்டமான கூட்டம். யாரோ ஒரு பையன் டாக்டர், அவள் நீட்டிய கையில் அழுத்தம் பார்த்து எழுதிவிட்டு, நெஞ்சுப் படத்துக்குச் சீட்டுக் கொடுத்தார். அவள் நீட்டியது எந்தக் கை என்று சொல்ல வேண்டியதில்லை.

படத்தை நானே கழுவினேன். சிவப்பு விளக்கு வெளிச்சத்தில் மருந்துத் தொட்டிக்குள் அவளுடைய விலா எலும்புகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. நுரையீரலில் ஒரு கீறல் இல்லை, ஒரு புள்ளி இல்லை. இரண்டு பக்கமும் சுத்தமான கறுப்பு. நான் நாலு வருடம் படம் கழுவியவன். டாக்டர் சொல்லும் முன்பே எனக்குத் தெரியும். சந்தோஷத்தில் வெளியே ஓடிவந்தேன். பெஞ்சில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அவளும், பக்கத்தில் அவள் புருஷனும் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஒண்ணுமில்ல! சுத்தமா இருக்கு!"

அவள் சிரிக்கவில்லை. "அப்ப கை?" என்றாள்.

அந்த இரண்டு சொல்லில் எனக்கு வந்த கோபத்தை இன்றும் மறக்க முடியவில்லை. அவளுக்காக எத்தனை பேரிடம் பல்லைக் காட்டியிருக்கிறேன், எத்தனை பேருக்கு டீ வாங்கிக் கொடுத்திருக்கிறேன், இவள் என்னடாவென்றால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு கை என்கிறாள்.

"படத்துல ஒண்ணும் இல்லன்னா ஒடம்புல ஒண்ணும் இல்ல. வேல செய்ய இஷ்டமில்லன்னா அதச் சொல்லு. சும்மா நடிக்காத."

அதோடு விட்டேனா? அவள் புருஷனைத் தனியே கூப்பிட்டு, "மாப்ள, நீங்க எடம் குடுக்காதீங்க. நாளைக்கே வேலைக்கு அனுப்புங்க" என்று வேறு சொல்லி அனுப்பினேன். அவர் வாய் திறக்காத மனிதர். அப்படியே செய்தார்.

நாலு வருடம் அந்த இருட்டறையில் நின்ற எனக்கு ஒரு சின்ன விஷயம் தெரிந்திருக்க வேண்டும். சாதாரண எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், காற்று தெரியும். ரத்தம் ஓடும் குழாய் தெரியாது. சதையும் ரத்தமும் ஒரே சாம்பல் நிறம்தான். படம் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னது: நுரையீரல் சுத்தம். நான் கேட்காத கேள்விக்கும் அது பதில் சொல்லிவிட்டது என்று நினைத்தேன். அரைகுறையாகத் தெரிந்தவனைப் போல ஆபத்தானவன் யாரும் இல்லை.

அடுத்த சில மாதங்களில் தலைவலி வந்தது. கண்ணுக்கு முன் புகை மாதிரி ஏதோ நிற்கிறது என்று டிரெசரிடம் சொல்லியிருக்கிறாள். ரத்தம் குறைந்தால் கண் இருட்டத்தான் செய்யும் என்று அவர் இன்னும் கொஞ்சம் உப்பு எழுதிக் கொடுத்தார். என்னிடம் அவள் எதுவும் சொல்லவில்லை. ஞாயிறுகளில் போனால் டீ போட்டுக் கொடுப்பாள், குழந்தையைப் பற்றிப் பேசுவாள். அடங்கிவிட்டாள், புத்தி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு காலை, வேலி வாசலில் கைகளைத் தூக்கியபடி நின்றவள் கண் இருண்டு முள்கம்பி மேலேயே விழுந்தாள். இடது கை முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை கிழிந்தது. பாசாங்கு செய்கிறாள் என்று காவலாளிகள் அவளைத் தூக்கக்கூட இல்லையாம். அரை மணி நேரம் அங்கேயே கிடந்திருக்கிறாள். அத்தனை நீளக் கிழிசலுக்கு ரத்தம் வந்ததே கொஞ்சம்தான். டிரெசர் அதைக் கட்டிக்கொண்டே, "நாந்தான் சொன்னேன்ல, ரத்தமே இல்லன்னு" என்றாராம். ஆனால் அவளுக்கு நினைவு சரியாகத் திரும்பாததால் அவருக்கும் பயம் வந்து, லோரியில் ஏற்றி எங்கள் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

வார்டுக்கு நான் ஓடியபோது, மிஸ்ஸி என்று நாங்கள் கூப்பிடும் தாதி ஒருத்தி அழுத்தம் பார்க்கத் தயாராகிக்கொண்டிருந்தாள். என் தங்கை அரை மயக்கத்திலும் கட்டுப் போட்ட இடது கையைத் தூக்கி நீட்டினாள். பழக்கம். "அதுல எப்படிம்மா சுத்துறது?" என்று மிஸ்ஸி அதைக் கீழே வைத்துவிட்டு வலது கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தாள். பாதரசம் ஏறியது. அவள் நிறுத்தி, இறக்கி, திரும்ப அடித்தாள். இருநூறைத் தாண்டி நின்றது. கருவி கெட்டுவிட்டது என்று நினைத்து இன்னொன்றைக் கொண்டுவந்தாள். அதுவும் அதையே சொன்னது.

எட்டு மாதமாக அழுத்தம் இல்லை என்று உப்புக் கொடுக்கப்பட்ட உடம்பு அது.

யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர் வந்தார். மெலிந்தவர், யாரையும் திட்டாதவர். அவர் இரண்டு கைகளையும் ஒரே நேரத்தில் பிடித்தார். என் வாழ்க்கையில் யாரும் ஒரு பெண்ணை அப்படி இரண்டு கையையும் பிடித்து நாடி பார்த்ததை அன்றுதான் பார்த்தேன். கழுத்தின் இரண்டு பக்கமும் தொட்டார். காரை எலும்பின் மேல் குழலை வைத்து வெகு நேரம் கேட்டார்.

"வலது கையில நாடி குதிக்குது. இடதில இல்லவே இல்ல. எவ்வளவு காலமா இந்தக் கை இப்பிடி?" என்று கட்டிலோரம் நின்ற என்னைக் கேட்டார்.

அவளைக் கேட்டிருந்தால் நாள் கணக்காகச் சொல்லியிருப்பாள். நான் என்ன சொல்வது? "ஒரு வருஷம் இருக்கும் டாக்டர்" என்றேன்.

சாயமருந்து செலுத்திப் படம் எடுக்க வேண்டும் என்றார். அது அப்போது எங்கள் ஆஸ்பத்திரியில் அபூர்வம். வலது கை ரத்தக் குழாயில் தடித்த ஊசி வைத்து, மருந்தை ஒரே மூச்சில் தள்ள வேண்டும். அது இதயத்துக்குப் போய்ப் பெரிய தமனிக்குள் வரும் அந்தச் சில நொடிகளுக்குள் ஒன்றன்பின் ஒன்றாகப் படம் எடுக்க வேண்டும். நோயாளியின் முதுகுக்குக் கீழே ஒரு பெட்டி. எடுத்த பிலிம் தட்டை ஒரு ஆள் கையால் இழுத்து, அடுத்ததைத் தள்ள வேண்டும். ஒரு நொடி தவறினால் மருந்து போய்விடும், திரும்ப ஊசி போட முடியாது. அந்த ஆள் நான்தான். இவள் என் தங்கை என்று படம் எடுக்கும் வெள்ளைக்கார டாக்டரிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் என்னை வெளியே அனுப்பியிருப்பார், கை பழகாத வேறு யாராவது தட்டை இழுத்திருப்பார்கள்.

மருந்து உள்ளே போனதும் அவள் கத்தினாள். "தீ ஓடுது! உள்ள தீ ஓடுது!" எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும், உடம்பெல்லாம் சுடும். எனக்கு அது தெரியும். தலையைத் திருப்பாமல் தட்டை இழுத்தேன், தள்ளினேன், இழுத்தேன். என் தங்கை கத்தும்போது அவள் முகத்தைப் பார்க்காமல் நான் செய்த ஒரே நல்ல காரியம் அது.

இருட்டறையில் கதவைப் பூட்டிக்கொண்டேன். முதல் தட்டில் ஒன்றும் இல்லை. இரண்டாவதில் இதயம் மட்டும் வெளுத்திருந்தது. மூன்றாவதைத் தொட்டிக்குள் ஆட்ட ஆட்ட, பெரிய தமனி வளைவாக மேலெழுந்தது. அதிலிருந்து வலது கைக்குப் போகும் கிளை நன்றாக இருந்தது. இடது கைக்குப் போகும் கிளை, தஞ்சோங் காராங் வயல் பக்கத்தில் சேறு அடைத்த வாய்க்கால் மாதிரி, போகப் போக ஒடுங்கி, காரை எலும்புக்குக் கீழே ஒரு இடத்தில் நின்றுபோயிருந்தது. அதற்கு அப்பால் வெறும் கறுப்பு. அவள் விரலை வைத்துக் காட்டிய அதே இடம்.

நான் அந்தத் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதேன். கண்ணீர் மருந்தில் விழுந்தால் படம் கெட்டுவிடும் என்று தள்ளி நின்று அழுதேன்.

படம் காய்ந்ததும் யாழ்ப்பாணத்து டாக்டர் அதை விளக்குப் பெட்டியில் மாட்டிவைத்து எனக்குச் சொன்னார். அப்போதுதான் அவள் யார் என்று அவருக்குச் சொன்னேன். "உம்மட தங்கச்சியோ?" என்று கேட்டார். பிறகு, "இது நாடியில்லாத வருத்தம், ஒரு நோய். கிருமி இல்ல, கொழுப்பு இல்ல. தமனியிட சுவர் தானா வீங்கித் தடிக்குது. சிறுநீரகத்துக்குப் போறதும் ஒடுங்கியிருக்கும், அதாலதான் அழுத்தம் ஏறினது. ஏன் இப்பிடி வருகுதெண்டு எங்களுக்கே இன்னும் சரியாத் தெரியாது" என்றார்.

தெரியாது என்று சொன்ன முதல் ஆள் அவர். அதுவரை எனக்குக் கிடைத்தவர்கள் எல்லாம் தெரிந்தவர்கள்.

ஏன் வருகிறது என்று பிறகு ஓரளவு தெரிந்துகொண்டார்கள். உடம்பைக் காக்க வேண்டிய படையே உடம்பின் குழாயைத் தாக்குகிறது. வேலியே பயிரை மேய்கிற கதை. ஓய்வு பெற்ற பிறகும் நான் அந்தப் பகுதிக்குப் போய்வந்துகொண்டிருந்ததால் கருவிகள் மாறியதையும் பார்த்தேன். எங்கள் காலத்துப் படம் குழாயின் உள்வழியை மட்டும்தான் காட்டும். அடைத்த பிறகு, அடைத்துவிட்டது என்று சொல்லும். இன்று கழுத்தில் பசை தடவி ஒரு கருவியை வைத்தால் தமனியின் சுவர் எத்தனை தடிப்பு என்று திரையில் தெரிகிறது. சுவரில் வீக்கம் இன்னும் எரிகிறதா, அணைந்துவிட்டதா என்றுகூட வேறொரு படத்தில் பார்த்து மருந்தைக் கூட்டுகிறார்கள், குறைக்கிறார்கள். முதன்முதலில் அந்தக் கழுத்துக் கருவியை ஒரு சின்னப் பெண்ணுக்கு வைத்தபோது நான் திரைக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். எல்லாரும் கருவியைப் புகழ்ந்தார்கள். எனக்கு யாரையாவது அறைய வேண்டும் போல இருந்தது.

தங்கைக்குப் புதிதாக வந்த ஒரு மாத்திரை கொடுத்தார்கள். காய்ச்சல் போனது, அழுத்தம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. உயிர் தங்கியது. கண் தங்கவில்லை. அந்த அழுத்தத்தில் கண்ணுக்குள் ரத்தம் கசிந்து கசிந்து, வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் மிஞ்சியது. ஆறு மாதம் முன்னால் வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். ஆறு மாதம் முன்னால் அவள் வந்தாள் என்று நான் அவரிடம் சொல்லவில்லை.

அவளைத் தோட்டத்தில் கொண்டுபோய் விட்ட அடுத்த வாரம், யாரிடமும் கேட்காமல் அந்தப் படத்தை ஒரு காகித உறையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். டிரெசர் முகத்தில் அதை விட்டெறிய வேண்டும். வழியில் சோதனைச் சாவடியில் ஒரு பட்டாளத்துக்காரன் உறையைப் பிரித்தான். படத்தைச் சூரியனுக்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வெள்ளையாகக் கிளை பிரிந்து ஓடும் கோடுகளைக் காட்டி, இது எந்த ஆறு, எந்தக் காட்டு வரைபடம் என்று கேட்டான். என் தங்கையின் ரத்தக் குழாய் என்றேன். விலா எலும்பை விரலால் எண்ணிக் காட்டிய பிறகுதான் விட்டான். பஸ்ஸில் இருந்தவர்கள் என்னை முறைத்தார்கள்.

டிரெசர் அறையில் பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். நான் படத்தை ஜன்னலில் ஒட்டிப் பிடித்தேன்.

"பாருங்க. நல்லாப் பாருங்க. ரத்தம் இல்லன்னீங்களே, இங்க அடச்சிருக்கு. அடைச்ச கையில அழுத்தம் பாத்து உப்புக் குடுத்தீங்க!"

அவர் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "பொம்பளைக்கு இடது கைதான தம்பி..." என்றார். "என் பொண்டாட்டிக்கும் அப்படித்தான் பாத்தேன். என் மகளுக்கும் அப்படித்தான்."

"ஒங்க தாத்தா சொன்னாருன்னு என் தங்கச்சி கண்ணப் புடுங்கிட்டீங்க!" மேசையில் இருந்த டானிக் பாட்டில்களைக் கையால் ஒரே தள்ளாகத் தள்ளினேன். கண்ணாடி உடைந்து தரையெல்லாம் சிவப்பாக ஓடியது. வரிசையில் நின்ற பெண்கள் சிதறினார்கள். கிழவர் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். எனக்கு ஒரு துளி இரக்கம் வரவில்லை. அன்று அந்தத் தோட்டத்தில் நியாயம் கேட்டவன் நான் ஒருவன்தான் என்ற நினைப்போடு லயத்துக்கு நடந்தேன்.

எனக்கு முன்னால் செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. தங்கை சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். என் காலடிச் சத்தத்தில் தலையைத் தூக்கினாள்.

"டிரெசர அடிக்கப் போனியாமே?"

"அடிக்கல. அடிச்சிருக்கணும். அந்தாளு ஒன்னய..."

"அவரு என் கையத்தான் தப்பாப் பாத்தாரு" என்றாள். குரலில் கோபமே இல்லை. "நா சொன்னத பொய்யின்னு அவரு சொல்லல. சீக்குன்னு நம்புனாரு. மருந்து குடுத்தாரு, சீட்டு குடுத்தாரு. நீதாண்ணே என்னய நடிக்கிறான்னு சொல்லி அனுப்பி வச்ச. அதுக்கு அப்புறம் நா யாருகிட்டண்ணே சொல்லுவேன்?"

 படம் உறையோடு என் கையில் இருந்தது. மாப்பிள்ளை வேலைக்குப் போயிருந்தார், குழந்தை மூலையில் தூங்கிக்கொண்டிருந்தது.

அவள் சுவரைப் பிடித்து எழுந்து, தடவித் தடவி எனக்குத் தட்டு வைத்தாள். "பஸ்ல வந்துருக்க, சாப்பிட்டுப் போ" என்று வலது கையால் சோறு போட்டாள். பாதி தட்டில் விழுந்தது, பாதி தரையில் விழுந்தது. அவளுக்குத் தெரியவில்லை. தரையில் விழுந்ததை நான் ஒவ்வொரு பருக்கையாக, அவளுக்குச் சத்தம் கேட்காமல் பொறுக்கித் தின்றேன்.